உழக்கு நெய்

புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் இப்போது விருதுகளுக்குப் பஞ்சமில்லை. டெல்லி, மும்பை, சென்னை ஹோட்டல் அரங்குகளில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு விழா நடந்துகொண்டே இருக்கிறது. சிறந்த சூரிய மின்நிலையம், சிறந்த காற்றாலை நிறுவனம், ஆண்டின் தொழில்முனைவர், வேகமாக வளரும் நிறுவனம் என்று பிரிவு பிரிவாகக் கேடயம் வழங்குகிறார்கள். மேடையில் வாசிக்கப்படும் பாராட்டுரைகளில் ஒரு சொல் ஓயாமல் வரும்: மெகாவாட். இத்தனை மெகாவாட் நிறுவினார், இத்தனை மாதத்தில் முடித்தார், இத்தனை கோடி முதலீடு கொண்டுவந்தார், இத்தனை டன் கரியமில வாயுவைத் தடுத்தார். கடைசியில் சொல்லும் டன் கணக்கும் பெரும்பாலும் முதலில் சொன்ன மெகாவாட்டைப் பெருக்கி எடுத்ததாகவே இருக்கும்.

இவை சின்ன விஷயங்கள் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது, சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பலகைகளை எட்டே மாதத்தில் நிறுத்தினார்கள். சீமைக் கருவேலம் மண்டிய அந்த வறண்ட சீமையில், அந்த வெயிலில், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதைச் செய்து முடித்தார்கள். கொண்டாடத் தகுந்த காரியம்தான். எனக்கு இருக்கும் கேள்வி திறப்பு விழாவுக்கு மறுநாளைப் பற்றியது. பலகைமேல் தூசி படியத் தொடங்குவது அன்றைக்குத்தான். கமுதியில் துடைப்பதற்கென்றே தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. பலகைகள் ஆயுள் முடியும்வரை, ஏறக்குறைய இருபத்தைந்து வருடம், அந்தத் துடைக்கும் வேலை நிற்கக்கூடாது. எந்தப் பாராட்டுரையிலும் தூசி என்ற சொல் இடம்பெற்று நான் கேட்டதில்லை.

மெகாவாட் என்பது ஓர் இயந்திரத்தால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதைச் சொல்லும் அளவு. அது என்ன செய்தது என்பதை யூனிட்தான் சொல்லும். ஒரு மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க ஒரு நொடியும் நிற்காமல் முழு வேகத்தில் ஓடினால் 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் தரும். காற்றும் வெயிலும் அப்படி நமக்காகக் காத்துக் கிடப்பதில்லை. தமிழ்நாட்டில் சூரியப் பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலே நல்ல விளைச்சல். பழைய காற்றாலைகளும் ஏறக்குறைய அப்படித்தான். உயரமான புதிய காற்றாலைகள் மூன்றில் ஒரு பங்கை எட்டிப் பிடிக்கின்றன. அந்த ஐந்தில் ஒரு பங்கு ஆறில் ஒரு பங்காகத் தேயாமல் பார்த்துக்கொள்வது யார் என்பதை அறிய அரங்கத்தைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது.

ஆரல்வாய்மொழி மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் விட்ட கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியில் அதன் வழியே பாயத் தொடங்கினால் செப்டம்பர் வரை லேசில் ஓயாது. முப்பந்தலில் தொடங்கிக் காவல்கிணறு, பணகுடி வரை சாலையின் இருபுறமும் காற்றாலைகள். அவற்றில் 1990களில் நட்ட 225 கிலோவாட் இயந்திரங்கள் சில இன்னும் சுற்றுகின்றன. பக்கத்தில் நிற்கும் புதிய ராட்சதர்களின் இடுப்பளவுகூட வராது அவற்றின் உயரம். அப்படிப்பட்ட சிலவற்றைப் பராமரிக்கும் ஒருவரோடு, காற்று தொடங்குவதற்கு முந்தைய ஒரு சித்திரை மாதக் காலையில் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். விரல் நகங்களுக்குள் கறுப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்ட கை.

“அண்ணாச்சி, தினமும் மேலே ஏறுவீங்களா?” என்று கேட்டேன்.

“தெனமும் எதுக்கு சார்? இப்பம்தான் ஏற்றம் எறக்கம் எல்லாம். காத்து தொடங்கிட்டுன்னா பொறவு ஏற முடியாது. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பாத்துரணும்.”

எல்லாம் என்று அவர் சொன்னதற்குள் என்னென்ன அடங்கும் என்று விரித்துக் கேட்டேன். கியர் பாக்ஸ் எண்ணெயின் அளவும் நிறமும். நிறம் மாறியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. பெரிய பேரிங்குகளுக்குக் கிரீஸ். பிளேடை நடுக்குடத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் போட்டுச் சோதிக்க வேண்டும். பிரேக் பேட். இயந்திரத்தின் முகத்தைக் காற்றின் பக்கம் திருப்பும் மோட்டாரும் அதன் பற்சக்கரமும். காற்றோடு வரும் மணல் உரசி உரசிப் பிளேடின் முன்விளிம்பு சொரசொரப்பாகிவிடும், அதற்குப் பூச்சு. இவை அத்தனையையும் முப்பது மீட்டர் உயரத்தில், இரண்டு பேர் முழங்காலிட்டு உட்காரும் அளவே உள்ள ஒரு கூட்டுக்குள் இருந்து செய்ய வேண்டும். கருவிகள் கயிற்றில் கட்டி மேலே போகும். ஒரு ஸ்பேனர் தவறிக் கீழே விழுந்தால் அதற்காக ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும்.

பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. தேதி, மீட்டர் ரீடிங், அன்றைய யூனிட், ஓடிய மணிநேரம், நின்ற மணிநேரம். நின்ற மணிநேரத்துக்கு இரண்டு பத்திகள்: மிஷின் கோளாறால் நின்றது தனி, கிரிட் இல்லாமல் நின்றது தனி. காற்று நன்றாக அடித்தும் மின்கம்பி வாங்கிக்கொள்ள மறுத்த மணிநேரங்கள் அந்த இரண்டாவது பத்தியில் இருக்கின்றன. ஆடி மாதப் பக்கங்களில் அந்தப் பத்தியில் எழுத்து அதிகம். தன் தவறால் போனது எது, தன் கைக்கு மீறிப் போனது எது என்பதை நாள்தோறும் பிரித்து எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

“நாலு லட்சம் யூனிட் குடுத்தா இது நல்ல மிஷின்தான் சார். போன வருசம் குடுத்துட்டு” என்றார். அவர் குரலில் இருந்த பெருமிதத்தை எந்த விருது மேடையிலும் நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கேடயம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அப்படி ஒரு பிரிவைச் சேர்ப்பது எளிது. ‘சிறந்த களப்பணியாளர்’ என்று சில விழாக்களில் சேர்த்தும் விட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரு துறை எதைப் பார்த்துக் கைதட்டுகிறதோ அதுவே அந்தத் துறைக்குள் பெருகும். இது ஊகமில்லை, காற்றாலையின் வரலாற்றிலேயே மூன்று நாடுகளில் நடந்து முடிந்திருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்றாலைகளுக்குப் பெரும் வரிச்சலுகை இருந்தது. ஒன்றிய அரசின் சலுகை ஒருபுறம், மாநிலத்தின் சலுகை மறுபுறம். இரண்டும் முதலீட்டுக்குக் கிடைத்தவை. எவ்வளவு மின்சாரம் வந்தது என்று சலுகை கேட்கவில்லை. ஆல்டமான்ட், டெஹாச்சபி கணவாய்களில் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் முளைத்தன. அவற்றில் நல்லவையும் இருந்தன; வரித்தாக்கல் நாளுக்குள் நின்றால் போதும் என்று அவசரமாகச் செய்த, முதல் பெருங்காற்றிலேயே உடைந்துபோனவையும் இருந்தன. 1985 முடிவில் ஒன்றிய அரசின் சலுகை நின்றதும் அந்த வேட்டை அடங்கியது. காற்றாலை என்றாலே ஏமாற்று வேலை என்ற பெயர் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. 1992இல் அவர்கள் சலுகையை யூனிட்டுக்கு மாற்றினார்கள்.

இந்தியாவில் 1990களில் காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம். முப்பந்தல் காற்றாலைகளில் பெரும்பகுதி அந்தச் சலுகையில் எழுந்ததுதான். பஞ்சாலை முதலாளிகளும் சிமெண்ட் ஆலைகளும் நிதி நிறுவனங்களும் வாங்கினார்கள். அதனால்தான் இந்தியாவில் காற்றாலைத் தொழில் என்று ஒன்று பிறந்தது. அந்த நன்மையை மறுப்பது நியாயமில்லை. ஆனால் மார்ச் 31க்குள் இயந்திரம் இயங்கத் தொடங்கியதாகச் சான்றிதழ் வேண்டும் என்ற அவசரம் ஒவ்வோர் ஆண்டும் இருந்தது. ஏப்ரலில் அது எப்படி ஓடுகிறது என்ற அக்கறை அதே அளவுக்கு இருக்கவில்லை. நல்ல காற்றுள்ள இடத்தில் சுமாரான இயந்திரம், சுமாரான இடத்தில் நல்ல இயந்திரம், உதிரிபாகம் தர ஆளில்லாமல் போன இயந்திரம் என்று பலவகை நின்றன. 2009 டிசம்பரில்தான் யூனிட்டுக்கு 50 காசு என்று உற்பத்தியைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை வந்தது. நட்டதற்குக் கிடைத்த ஊக்கம் ஓடியதற்கும் கிடைக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று.

மூன்றாவது டென்மார்க். அங்கே நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அங்கே காற்றாலை செய்தவர்கள் பெரும்பாலும் தச்சர்கள், கொல்லர்கள், பள்ளி ஆசிரியர்கள். ஹெர்போர்க் என்ற ஊரின் கொல்லர் கார்ல் எரிக் யோர்கென்சனும், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஹென்றிக் ஸ்டீஸ்டாலும் சேர்ந்து உருவாக்கிய மூன்று இறக்கை இயந்திரத்தின் உரிமத்தை 1979இல் வெஸ்டாஸ் நிறுவனம் வாங்கியது. அதுவரை விவசாயக் கருவிகளும் பாரந்தூக்கிகளும் செய்துவந்த நிறுவனம் அது. அதே 1979இல் டென்மார்க் அரசும் காற்றாலைக்கு 30 சதவீத மானியம் கொடுத்தது. ஆனால் ரிசோ ஆய்வுக்கூடத்தின் சோதனை நிலையம் பார்த்து ஒப்புதல் தந்த இயந்திரத்துக்கு மட்டும்தான். இதைவிட முக்கியமானது காற்றாலைச் சொந்தக்காரர்கள் தாங்களாகவே செய்தது. அவர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ‘இயற்கை ஆற்றல்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு மாத இதழ் நடத்தினார்கள். அதில் மாதாமாதம் ஒவ்வொருவரின் இயந்திரமும் எத்தனை யூனிட் தந்தது, எதனால் நின்றது, எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று பட்டியல் அச்சாகும். யாரும் யாரையும் புகழவில்லை. எண்கள் வரிசையாக நின்றன. வாங்க நினைக்கும் விவசாயி அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தார். தயாரித்தவர் தன் இயந்திரம் கீழே இருந்தால் ஏன் என்று தேடிப் போனார். இறக்கை ஒடிந்ததை மறைக்க வழியில்லை. அடுத்த மாதம் அது அச்சில் வந்துவிடும்.

கலிபோர்னியாவில் பல இயந்திரங்கள் உதிர்ந்தபோது நிலைத்து நின்றவற்றில் டேனிஷ் இயந்திரங்கள் அதிகம் இருந்ததற்கு அவற்றின் கனத்த உருவமைப்பு ஒரு காரணம். அந்த மாதப் பட்டியல் இன்னொரு காரணம் என்றே நான் நம்புகிறேன். உலகின் முதல் நேர்மையான காற்றாலை விருது எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் சொல்வேன். ஸ்டீஸ்டாலுக்கு 2024இல் பொறியியலுக்கான ராணி எலிசபெத் பரிசு, பிரிட்டனின் ஆண்ட்ரூ காரடோடு சேர்த்து, வழங்கப்பட்டது. தகுதியான கைக்குத் தகுதியான பரிசு. கொல்லர் யோர்கென்சன் 1982இலேயே இறந்துவிட்டார்.

யூனிட் கணக்கை வைத்துப் பெருமையை அளப்பது நமக்குப் புதிதில்லை. கோயிலில் அணையா விளக்கு வைப்பதற்குச் சோழர் காலத்தில் கொடுத்த கொடைகளைப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நுந்தா விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மன்னரும் அதிகாரிகளும் கொடுத்த கொடைகளுக்கு அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது, எதிர்பார்க்கக் கூடியதுதான். வியப்பு என்னவென்றால், ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரும் அதே கல்லில் இருக்கிறது. அவருக்குப் பொறுப்பேற்கும் உறவினர்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. கொடுத்தவர், பராமரிப்பவர், தினசரி அளவு. மூன்றும் சேர்ந்தால்தான் கொடை முழுமை என்று அந்த எழுத்தர்கள் நினைத்திருக்கிறார்கள்.

கல்வெட்டுகளில் இந்த மந்தைகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும். மந்தைக்குச் சாவு வரக்கூடாது. செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்ப வேண்டும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பொறுப்பு. எரிபொருளைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு விளக்கை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இவ்வளவு துல்லியமாக ஒப்பந்தம் போட்டு எரித்திருக்கிறார்கள். எரிசக்தி விருதுக்குப் பாராட்டுரை எழுதுகிறவர்கள் ஒருமுறை தஞ்சைக்குப் போய் அந்தச் சுவரின் முன்னால் நின்று படித்துவிட்டு வரலாம்.

உலக விருதுகளில் சில இந்தத் திசையில் யோசித்திருக்கின்றன. லண்டனில் 2001இல் தொடங்கிய ஆஷ்டன் விருதுகள் குடிசைக்கும் சிறுகடைக்கும் வெளிச்சம் கொண்டுபோனவர்களைத் தேடித் தேடிக் கொடுத்தன. பெங்களூரின் செல்கோ நிறுவனம் 2005இலும் 2007இலும் அதைப் பெற்றது. 1995இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரிஷ் ஹண்டேவுக்கு 2011இல் மகசேசே விருதும் வந்தது. செல்கோ விற்றது விளக்கை மட்டும் இல்லை. பூக்காரருக்கு விடியலுக்கு முன் இரண்டு மணிநேர வெளிச்சம், தள்ளுவண்டிக்காரருக்கு மாலை நான்கு மணிநேரம் என்று தேவைக்கேற்ப அமைத்து, வங்கிக் கடனுக்கு வழிசெய்து, பழுது பார்க்க ஊர்ப்பக்கமே கிளை வைத்தார்கள். அந்தக் கிளைகள்தான் அவர்களின் சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

வங்கதேசத்தின் கிராமீன் சக்தி கதை இன்னும் கனமானது. 1996இல் தொடங்கிய நிறுவனம். 2009 ஜனவரியில் அபுதாபியில் முதன்முதலாக ஜாயித் எதிர்கால ஆற்றல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் தீபால் சந்திர பருவா. 15 லட்சம் டாலர். அதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சூரிய விளக்கு ஏற்றியிருந்தார்கள். முறை எளியது. விலையில் 15 சதவீதம் முதலில், மீதி 36 மாதத் தவணை. தவணை வாங்க வருகிறவரே பேட்டரித் தண்ணீரைப் பார்ப்பார், ஒயரைச் சரிசெய்வார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் வைத்தார்கள். கடன் வசூலும் பராமரிப்பும் ஒரே ஆளின் ஒரே நடையில் முடிந்தன. அந்த நடைதான் முழுத் திட்டத்தின் உயிர்.

2003 முதல் 2018 வரை அந்த நாட்டின் திட்டத்தில், பல நிறுவனங்கள் வழியாக, 41 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்த அமைப்பு போனது; ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் பயனடைந்தார்கள். உலகில் வேறெங்கும் இந்த அளவில் நடந்ததில்லை. பிறகு மின்கம்பி கிராமங்களை எட்டத் தொடங்கியது. அரசின் இன்னொரு திட்டம் பலகைகளை இலவசமாகவே கொடுத்தது. பக்கத்து வீட்டுக்கு இலவசமாக வந்ததற்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. வசூல் குறைந்தது. வசூல் குறைந்ததும் வீட்டுக்கு வரும் ஆளும் குறைந்தார். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய பேட்டரிகள் பல வீடுகளில் மாற்றப்படாமலே போயின.

இதனால் 2009 பரிசு தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த லட்சக்கணக்கான குழந்தைகள் அந்த வருடங்களில் நல்ல வெளிச்சத்தில் படித்தார்கள். போன வெளிச்சம் பொய்யாகிவிடாது. என் ஆதங்கம் வேறு. இரண்டு லட்சமாவது பலகைக்கு உலகமே கூடியது. திரும்பிக்கொண்ட வாடிக்கையாளர்கள், கரைந்த வசூல், வேலையிழந்த பழுது பார்ப்பவர்கள் என்று அந்த நிறுவனங்கள் தத்தளித்த வருடங்களில் கூட்டம் கூடவில்லை. கற்றுக்கொள்ள அதிகம் இருந்தது அந்த வருடங்களில்தான். பரிசு கொடுத்தவர்கள் பத்தாம் ஆண்டில் திரும்பிச் சென்று, என்ன ஆயிற்று என்று பார்த்து, அதையும் அதே மேடையில் வாசிக்கும் ஒரு வழக்கம் இருந்திருந்தால் அடுத்து வந்த ஆப்பிரிக்கத் திட்டங்களுக்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

சின்ன உதாரணம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, பெரும்பகுதியை வங்கிக் கடனாக வாங்கி நிறுவியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தைச் சமாளிக்க ஓர் ஊராட்சி எடுத்த முடிவு. அவர்களுக்கு மெகாவாட் பேச்சே தேவைப்படவில்லை. இந்த மாதம் எத்தனை யூனிட் வந்தது, எத்தனை நாம் செலவழித்தோம், மீதி மின்வாரியத்துக்கு எவ்வளவு போனது, கடன் எவ்வளவு அடைந்தது. பல நாட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு அந்த ஊரிடம் இருந்தது அந்தக் கணக்குதான்.

எதையும் நடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அதைச் செய்தவரைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்னா மாணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரத்தின் ஒளி உமிழ்வை ஆராய்ந்தார். நிறமாலைத் தகட்டில் ஒரு பதிவு விழப் பதினைந்து இருபது மணிநேரம் ஆகும். இரவெல்லாம் கூடவே இருப்பார். ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டு, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. அந்த ஆய்வேடு ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது. அந்த மறுப்பைச் சுமந்துகொண்டு அவர் நிற்கவில்லை. லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்கு வரைபடங்கள் தயாரித்துத் தரப்படுத்தினார். நாடு முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். தவறான அளவு, அளக்காமல் இருப்பதைவிட மோசம் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

1976இல் பணி ஓய்வு. அதற்குப் பிறகு செய்ததுதான் இந்தத் துறையின் அஸ்திவாரம். 1980இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேடு, அடுத்து கதிர்வீச்சு பற்றிய இன்னொரு பெருநூல். பெங்களூரில் காற்றின் வேகத்தையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு பட்டறை. பிறகு நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் கம்பம் நட்டுக் காற்றை மாதக்கணக்கில் அளந்து தொகுத்த தரவு நூல்கள். கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். கீழே ஒரு பதிவுக் கருவி இருக்கும். யாராவது ஒருவர் குறித்த நாளில் போய் அதைப் பார்த்து எழுதி வர வேண்டும். எந்தக் கணவாயில் காற்று நம்பிக்கையாக வரும் என்று வங்கி மேலாளர் நம்பிக் கடன் கொடுத்ததற்கும், சொந்த மின்சாரம் வேண்டிய பஞ்சாலை முதலாளி துணிந்ததற்கும் பின்னால் இந்தத் தரவு இருக்கிறது. 1987இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்குக் கே.ஆர். ராமநாதன் பதக்கம் வழங்கியது. அறிவியலாளர்கள் அவரை மறக்கவில்லை. 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார். காற்றாலைத் தொழில் கொடுக்கும் எந்த விருதாவது அவர் பெயரில் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கத்தான் வேண்டும்.

அவர் பெயரில் ஒரு விருது வந்தால் அதன் விதி எப்படி இருக்க வேண்டும் என்றும் எனக்கு ஆசை உண்டு. நிறுவிப் பதினைந்து ஆண்டு ஆகாத எதற்கும் கொடுக்கக்கூடாது. விண்ணப்பத்தோடு பதினைந்து ஆண்டின் யூனிட் கணக்கை, நின்ற மணிநேரம் உட்பட, பொதுவில் வைக்க வேண்டும். பாராட்டுரையில் முதலீட்டாளர் பெயருக்கு அடுத்த வரியில் அதைப் பராமரித்தவர்களின் பெயர்கள் வர வேண்டும். கேடயம் சின்னதாக இருந்தால் போதும்.

இதைச் செய்யும் காலமும் இப்போதுதான். தமிழ்நாடு அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பழைய சிறிய இயந்திரங்களைக் கழற்றிவிட்டு அதே நிலத்தில் பெரியவற்றை நடலாம். அல்லது செப்பனிட்டு ஆயுளை நீட்டிக்கலாம். நல்ல முடிவு. நாட்டிலேயே சிறந்த காற்றுள்ள இடங்களை முப்பது வருடப் பழைய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மந்தையில் குட்டி வந்து இடம் நிரப்ப வேண்டியதுதான். ஆனால் அந்த இயந்திரங்களோடு முப்பது வருடக் கணக்கு நோட்டுகளும் இருக்கின்றன. எந்தத் தேதியில் காற்று தொடங்கியது, எந்த உப்புக்காற்றில் எந்தப் பேரிங் போனது, எந்த ஆண்டில் கிரிட் எத்தனை மணிநேரம் வாங்க மறுத்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. நிறுவனம் கைமாறும்போது, அலுவலகம் இடம் மாறும்போது அவை பழைய பேப்பர் எடைக்குப் போகும் அபாயம் இருக்கிறது.

பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. 1998இல் டென்மார்க்கின் உதவியோடு தொடங்கப்பட்டது. கயத்தாறில் அதற்குச் சோதனை நிலையமும் உண்டு. அந்த நோட்டுகளைத் தேடி வாங்கி, ஒளிநகல் எடுத்து, யாரும் பார்க்கும்படி வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆரல்வாய்மொழியிலும் பணகுடியிலும் பல்லடத்திலும் உடுமலையிலும் அவற்றை எழுதியவர்கள் பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கையெழுத்து புரியாத இடத்தில் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். கிரேன் வருவதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும்.